இடையில் நிற்பவரின் அறம்

தமிழில் 'வீடு' என்னும் சொல் இருபொருள் தருவது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும் கூரையும் வீடுதான்; அறம், பொருள், இன்பம் என்னும் மூன்றையும் கடந்து உயிர் அடையும் இறுதிப் பேறும் வீடுதான். பற்றை விடுவதால் கிடைப்பது பின்னது. முன்னதோ பற்று வைப்பதால் கிடைப்பது. சிங்கப்பூரில் அது இருபத்தைந்து ஆண்டுக் கடனால் கிடைப்பது. இவ்விரண்டாம் வகை வீட்டை வாங்கவும் விற்கவும் வாடகைக்கு எடுக்கவும் முனையும் மனிதனுக்கும் அவன் நாடும் கதவுக்கும் இடையில் ஒருவர் நிற்கிறார். பழைய பேச்சு வழக்கில் அவர் தரகர். இன்றைய அலுவல் வழக்கில் அவர் சொத்து முகவர். அவர் தவறு செய்தால் அவரைத் தண்டிப்பவர் யார், எதற்காக, எந்த எல்லை வரை என்பது மேலோட்டமாகப் பார்த்தால் சட்டத்துறையின் கேள்வி. சற்று நின்று நோக்கினால் அது அறத்துறையின் கேள்வியுமாகும்.

சிங்கப்பூரில் வீடு என்பது வெறும் சொத்து அன்று. 1960-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1964-இல் வீட்டு உடைமைத் திட்டம் வந்தது. அதன்பின் குப்பத்திலும் கடைவீட்டு மாடியிலும் வாழ்ந்தவர்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று இந்நாட்டுக் குடிமக்களிற் பெரும்பாலோர் கழக வீடுகளிலேயே வாழ்கின்றனர். ஒரு குடும்பத்தின் சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு, முதுமைக்கான காப்பு ஆகிய யாவும் அந்த நான்கு சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஆகவே வீட்டு விற்பனையில் நேரும் ஒரு பொய், கத்தரிக்காய் எடையில் நேரும் பொய்யைப் போன்றதன்று. கத்தரிக்காய் வாங்கியவர் மறுநாள் வேறு கடைக்குச் செல்லலாம். வீட்டை இழந்தவருக்கோ பல ஆண்டு உழைப்பு போய்விடுகிறது.

தரகு புதிய தொழிலும் அன்று. தேக்காவிலும் சிராங்கூன் சாலையின் கிளைத் தெருக்களிலும் கடைவீடுகள் கைமாறிய காலத்தில், தரகர் பெரும்பாலும் தெரிந்த முகமாகவே இருந்தார். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1947-இல் வந்தது. 2001-இல் முற்றிலும் நீக்கப்பட்டது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில், ஏட்டில் எழுதிய வாடகை ஒன்றாகவும் உண்மையில் கைமாறிய தொகை வேறொன்றாகவும் இருந்த இடங்கள் உண்டு. அந்தக் கூடுதல் தொகைக்குப் பேச்சு வழக்கில் 'தேநீர்க் காசு' என்று பெயர். எத்தனை இனிய பெயர்! அநீதிக்கு அழகான பெயர் சூட்டும் ஆற்றல் எல்லா மொழிகளுக்கும் உண்டு போலும். அக்காலத்துத் தரகரைக் கட்டுப்படுத்தியது சட்டத்தைக் காட்டிலும் ஊராரின் வாய்தான். ஏமாற்றியவர் மறுநாளும் அதே தெருவில் நடந்தாக வேண்டும். அதே கோயில் வாசலில், அதே உணவுக்கடையில் முகம் காட்டியாக வேண்டும்.

நகரம் வளர்ந்தது, முகம் மறைந்தது. தோ பாயோவில் இருப்பவரின் வீட்டை ஈசூனில் இருப்பவர் தொலைபேசி வழியாக விற்கத் தொடங்கிய பின், ஊர்வாய்க்கு வேலை இல்லாமற் போயிற்று. 2010-க்கு முன் இருந்த முறையில், உரிமம் பெற வேண்டியது நிறுவனமே. உள்நாட்டு வருவாய் ஆணையம் அதனை வழங்கியது. அந்நிறுவனத்தின் பெயரால் வீடு விற்றுத் திரிந்த ஆயிரக்கணக்கான தனி மனிதர்களுக்கு உரிமம் வேண்டுவதில்லை, தேர்வும் கட்டாயமில்லை. ஒரு நிறுவனம் வெளியேற்றியவர் மறுவாரமே வேறொரு நிறுவனத்தின் பெயரட்டையோடு வந்து நிற்க முடிந்தது. வருவாயைக் கணக்கிடும் ஆணையம் நடத்தையையும் கணக்கிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்?

அந்தக் காலத்தின் குறையை ஒரு வழக்கு வெளிச்சத்திற்குக் கொண்டு வந்தது. ஒரு கணவனும் மனைவியும் தங்கள் அடுக்குமாடி வீட்டை விற்க ஈ.ஆர்.ஏ. ரியல்ட்டி நெட்வொர்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு முகவரை அமர்த்தினர். வீடு 688,000 வெள்ளிக்கு விலைபோயிற்று. வாங்கியவர் யார்? அம்முகவரின் மேலாளராக இருந்தவரின் மனைவி. விற்றவர்களுக்கு இந்த உறவு தெரிவிக்கப்படவில்லை. பின்னர் அவ்வீடு 945,000 வெள்ளிக்கு மறுவிற்பனை ஆயிற்று. 2009-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், இடைப்பட்ட 257,000 வெள்ளியை நிறுவனமே அத்தம்பதியருக்கு ஈடுசெய்ய வேண்டும் என்று கூறப்பட்டது.

இவ்வழக்கில் தவறு எங்கே தொடங்குகிறது? யாரும் கத்தி காட்டவில்லை. கையொப்பத்தைக் கள்ளத்தனமாக இடவில்லை. விற்றவர்கள் தாமாகவே ஒப்புக்கொண்ட விலைதான் அது. சந்தையில் அவரவர் சாமர்த்தியம் என்று வாதிடுவோரும் உண்டு. ஆயினும் அச்சொல் இங்கே பொருந்தாது. விற்றவர்கள் முகவரை எதிராளியாகக் கருதிப் பேரம் பேசவில்லை. தம் கண்ணாகக் கருதி அவர் பார்த்துச் சொன்னதை நம்பினர். 'முகவர்' என்னும் சொல்லே முகத்தை அடியாகக் கொண்டது. மற்றொருவரின் முகமாக நின்று பேசுபவர் அவர். ஒருவரின் முகமே அவரைப் பார்த்துப் பொய் சொல்லுமானால் அதனை எந்தக் கண்ணாடியில் கண்டுபிடிப்பது? சொல்லாமல் மறைத்தது பொய்யாகுமா என்று மாணவர்கள் வினவுவதுண்டு. சொல்ல வேண்டிய கடமை இல்லாதவர் மறைத்தால் அது மௌனம். அக்கடமை உடையவர் மறைத்தால் அது பொய்யே.

நிறுவனத்தின் மீது பொறுப்பைச் சுமத்தியதும் எண்ணிப் பார்க்கத் தக்கது. முகவர்களிற் பெரும்பாலோர் மாதச் சம்பளம் பெறும் ஊழியர் அல்லர். விற்றால் தரகு, விற்காவிட்டால் வெறுங்கை. அவர்களைச் சேர்த்துவிட்ட மேலாளருக்கும் அத்தரகில் பங்கு போவது உண்டு. விற்பவரின் பசி மேலே இருப்பவருக்கும் வருவாய் ஆகிறபோது, கீழே நடக்கும் தவற்றை 'அவருடைய சொந்தக் குணக்கேடு' என்று ஒதுக்கிவிட முடியாது. பள்ளியில் ஒரு வகுப்பு முழுவதும் பார்த்தெழுதினால், தலைமையாசிரியர் மாணவரை மட்டும் கேள்வி கேட்டு அமைதியடைய முடியுமா?

அத்தீர்ப்பை அடுத்த ஆண்டிலேயே சொத்து முகவர் சட்டம் நிறைவேறியது. 2010 அக்டோபர் 22-ஆம் நாள், தேசிய வளர்ச்சி அமைச்சின்கீழ் சொத்து முகவைகள் மன்றம் அமைந்தது. இனி ஒவ்வொரு முகவரும் தேர்வில் தேறிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் அப்பதிவைப் புதுப்பிக்க வேண்டும். விளம்பரத்தில் அவர்தம் பெயரும் பதிவு எண்ணும் இருத்தல் வேண்டும். நெறி தவறினால் ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். கண்டிக்கவும், அபராதம் விதிக்கவும், பதிவைச் சில காலம் நிறுத்திவைக்கவும், அறவே நீக்கவும் அக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. தொடக்கத்தில் ஒரு வழக்கிற்கு 75,000 வெள்ளி வரை என்றிருந்த அபராத வரம்பு, 2020-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தபின், முகவருக்கு 100,000 வெள்ளியாகவும் நிறுவனத்திற்கு 200,000 வெள்ளியாகவும் உயர்ந்தது. நிறுவனத்திற்கு இருமடங்கு என்பதில் 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நிழல் தெரிகிறது எனலாம்.

இவ்விதிகளுள் இரண்டு தனியே நின்று சிந்திக்க வேண்டியவை.

முதலாவது, ஒரே முகவர் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சேர்த்துச் செயலாற்றலாகாது என்பது. முன்பெல்லாம் இருபுறமும் தரகு வாங்குவது தொழிலின் இயல்பாகவே கருதப்பட்டது. 'இடைத்தரகர்' என்னும் பெயரும் அதனால் வந்ததே. இப்போது சட்டம் அவரை இடையில் நிற்காதே, ஒரு பக்கம் வந்துவிடு என்கிறது. தமிழ் படித்தவருக்கு இது முதலில் வியப்பளிக்கும். நடுவுநிலைமையைத் தனி அதிகாரமாக வைத்தவர் வள்ளுவர். அங்கே வணிகருக்கும் இடமளித்தார். துலாக்கோல் ஒரு பக்கம் சாய்வதன்றோ குற்றம்? இங்கே சாயாமல் இருப்பது குற்றமாகிறதே!

முரண் மேலோட்டமானதே. துலாக்கோலுக்கு வருவாய் இல்லை. எந்தப் பக்கம் தாழ்ந்தாலும் அதற்கு ஒரு காசும் கிடைப்பதில்லை. ஆகவேதான் அது நடுவில் நிற்கத் தகுதி பெற்றது. நீதிபதிக்கும் அப்படியே. தரகருக்கோ விற்பனை முடிந்தாலன்றி வருவாய் இல்லை. இரு பக்கமும் காசு வாங்கிய ஒருவர் நடுவில் நின்றால் அவர் நடுவர் ஆகிவிடமாட்டார். பேரம் விரைவாக முடியும் பக்கத்தில் ஓசையின்றிச் சாய்வார். விற்பவருக்கு அவசரம் என்பதை அறிந்திருப்பார். வாங்குபவர் இன்னும் எவ்வளவு தரக்கூடும் என்பதையும் அறிந்திருப்பார். இரண்டு இரகசியங்களையும் ஒரு நெஞ்சில் வைத்துக்கொண்டு இருவருக்கும் நேர்மையாக இருத்தல் தவமுனிவர்க்கும் அரிது. அதனினும், வெளிப்படையாக ஒரு பக்கம் நின்று, 'நான் இன்னார் சார்பில் பேசுகிறேன்' என்று மறுபக்கத்தாரிடம் சொல்லிவிடுவதே மேலான நேர்மை. பொய்யான நடுநிலையைவிட மெய்யான சார்பு நல்லது என்னும் உண்மையைச் சட்டம் கண்டுகொண்டது. பள்ளி மேடைகளில் பட்டிமன்றம் நடத்துவோர் இதனை முன்பே அறிவர்.

இரண்டாவது விதி இன்னும் ஆழமானது. வீட்டை வாங்கும் விற்கும் பணத்தையும், கழக வீட்டு வாடகைப் பணத்தையும் முகவர் தம் கையால் தொடலாகாது. முன்பணத்தையும் வைப்புத்தொகையையும் வாங்கிக்கொண்டு மறைந்தவர்களால் பிறந்த விதி இது. ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர், ரேஸ் கோர்ஸ் சாலையில் உணவுக்கடையின் மேசையில் அமர்ந்து, அறிமுகமில்லாத ஒருவர் கையில் இரண்டு மாத வாடகையை எண்ணிக் கொடுப்பதை மனத்தில் கற்பனை செய்தால் போதும். பற்றுச்சீட்டு கேட்பது மரியாதைக் குறைவோ என்று அவர் தயங்குவார். அந்தத் தயக்கத்திலேதான் மோசடி குடியிருக்கிறது.

இவ்விதியை நேர்மையான முகவர் எவ்வாறு ஏற்பார்? 'பத்தாண்டுகளாக ஒரு வெள்ளி பிழையாமல் தொழில் செய்தேன். என்னையும் திருடரோடு சேர்த்துக் கையைக் கட்டிவிட்டார்களே' என்று அவர் மனம் நோவது இயற்கை. இங்கே ஒரு பழைய கேள்வி எழுகிறது. தவறு செய்ய வாய்ப்பே இல்லாதவனின் ஒழுக்கம் ஒழுக்கமாகுமா? பூட்டிய அறைக்குள் உண்ணாதிருப்பவனை நோன்பாளி என்று யார் சொல்வார்? அறம் என்பது மனம் தானே தேர்ந்துகொள்வது என்றால், வாய்ப்பைப் பறிக்கும் சட்டம் அறத்தையும் பறித்துவிடுகிறதல்லவா?

ஆசிரியருக்கு இக்கேள்விக்கு விடை தெரியும்; அவர் அதனைத் தேர்வு மண்டபத்தில் ஆண்டுதோறும் காண்கிறார். மேசைகளை இடைவெளி விட்டுப் போடுகிறார்கள். எந்த மாணவனும் அதனைத் தன்மேல் சுமத்திய பழியாகக் கொள்வதில்லை. இடைவெளி நல்ல மாணவனைக் காக்கிறது. பக்கத்தில் இருப்பவன் அவன் விடையைத் திருடினால் இருவரும் சேர்ந்தே விசாரிக்கப்படுவர் அன்றோ? தடுமாறும் மாணவனுக்கோ அது கருணை. பட்டினி கிடப்பவன் முன் விருந்தைப் பரப்பிவிட்டு அவன் உறுதியைச் சோதிப்பது அறச்செயல் ஆகாது. மூன்று மாதமாக ஒரு விற்பனையும் முடியாத முகவரின் கையில் மற்றொருவரின் ஐயாயிரம் வெள்ளியை ஒரு வாரம் வைத்திருக்கச் சொல்வதும் அத்தகையதே. அவருக்குத் தம் நேர்மையைக் காட்ட வேறு இடங்கள் மிகப்பல உண்டு. சுவரில் நீர் கசிவதைச் சொல்வதா, சாயம் பூசியதோடு விட்டுவிடுவதா என்பது அவற்றுள் ஒன்று.

தண்டனையின் நோக்கம் குறித்தும் சிறிது சொல்ல வேண்டும். மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் முகவரின் பெயரையோ எண்ணையோ கொண்டு தேடினால், அவர் பதிவு பெற்றவரா என்பதும் அவர்மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கையும் தெரியவரும். அபராதம் ஒருமுறை வலிக்கும். பதிவேடு நாள்தோறும் பேசும். சிராங்கூன் சாலையின் பழைய ஊர்வாய், எந்திரத்தின் வடிவில் திரும்பி வந்துவிட்டது போலத் தோன்றுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஊர்வாய் வதந்தியையும் சுமந்தது. பதிவேடு விசாரித்து முடிவானதையே சுமக்கிறது. அந்த அளவில் இது பழையதினும் நீதியானது. ஆயினும் ஊரார் ஒரு நாள் மன்னித்தார்கள். திருந்தியவன் மகள் திருமணத்திற்குச் சென்று வாழ்த்தினார்கள். பதிவேட்டுக்கு மன்னிக்கத் தெரியாது. எந்நாளில் ஒரு பதிவை நீக்குவது என்பதை மனிதர்தாம் முடிவு செய்ய வேண்டும். திருத்துவதற்காகத் தண்டிக்கிறோம் என்று சொல்லும் சமுதாயம், திருந்தியவர் திரும்பிவரும் வழியையும் திறந்துவைக்கக் கடமைப்பட்டது.

இனி, தமிழருக்கு மிக அருகில் உள்ள ஒன்று.

வாடகை விளம்பரங்களில் 'இந்தியர் வேண்டா', 'சீன நாட்டினர் வேண்டா' என்று அச்சிடும் வழக்கம் சிங்கப்பூரில் இருந்தது. 2014-இல் பிபிசி நிறுவனம் இதனைச் செய்தியாக வெளியிட்டபோது உலகமும் இதனை அறிந்தது. இனத்தையோ சமயத்தையோ சுட்டி ஒதுக்கும் விளம்பரங்களை முகவர்கள் வெளியிடலாகாது என்பது மன்றத்தின் வழிகாட்டுதல். எழுத்து அகன்றது; எண்ணம் அகன்றதா? வீடு தேடித் தொலைபேசியில் அழைப்பவரிடம், வேலை என்ன, எத்தனை பேர் என்பவற்றுக்கு முன்னரே 'நீங்கள் என்ன இனம்?' என்னும் கேள்வி வந்துவிழும் அனுபவம் நம்மவர் பலருக்கு உண்டு. விடை சொன்னதும் ஒரு சிறு மௌனம். பிறகு, 'வீடு போய்விட்டது, மன்னிக்கவும்.' மறுநாள் அதே வீடு அதே விளம்பரத்தில் இருக்கும்.

முகவரைக் கேட்டால், 'எனக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்காரரின் விருப்பம்' என்பார். இவ்விடை முற்றிலும் பொய்யன்று என்பதுதான் இதிலுள்ள இடர். மேலே, முகவர் ஒரு பக்கம் சார்ந்து நிற்பதே நேர்மை என்று கண்டோம். அப்படியானால் வீட்டுக்காரரின் வெறுப்பையும் அவர் சுமந்து பேச வேண்டியவர்தாமா? முகம் என்பது மனம் எண்ணுவதை எல்லாம் காட்டியாக வேண்டுமா?

இல்லை. சார்பு என்பது ஒருவரின் நலனைக் காப்பது. அவருடைய பகையை நிறைவேற்றுவது அன்று. வாடகை ஒழுங்காக வருமா, வீடு பழுதின்றி இருக்குமா, ஆவணங்கள் செம்மையாக உள்ளனவா என்பவை நலன். அவற்றை ஆராயும் பொறுப்பு முகவருக்கு உண்டு. அதற்காகவே தரகு பெறுகிறார். தோலின் நிறம் இவற்றுள் எதற்கும் விடை சொல்வதில்லை. சமையல் மணம் சுவரில் படியும் என்பார்கள். அப்படியாயின் சமையலைப் பற்றியே கேட்கலாமே. சமைக்காத இந்தியரும் உண்டு, நாள்தோறும் மீன் பொரிக்கும் பிறரும் உண்டு. தாம் செய்யும் செயலைத் தம் விருப்பமன்று என்று சொல்லிக் கழுவிக்கொள்ளும் கைகளை வரலாறு பலமுறை கண்டிருக்கிறது. ஏவியவருக்கு உள்ள பொறுப்பு, ஏவலை ஏற்றவரின் பொறுப்பைக் குறைப்பதில்லை. இரண்டும் தனித்தனி முழுமையானவை.

இந்த இடத்தில் தமிழர் தம் வீட்டுக் கதவையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று. 'சைவ உணவினர் மட்டும்' என்னும் அறிவிப்பு உணவைப் பற்றியதாகவே பல வேளைகளில் இருக்கலாம். ஆனால் அதன் பின்னால், 'எந்த ஊர், எந்த வகுப்பு' என்று மெல்லத் துருவும் கேள்விகளும் கேட்கப்படுவதுண்டு. கட்டுமானத் தொழிலாளர் என்றதும் முகம் சுருங்குவோர் நம்முள்ளும் இருக்கின்றனர். தாம் அடைந்த புண்ணை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது வலி தெரிவதில்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் 1989 மார்ச் முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் இங்கே நினைவுக்கு வரும். ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்தாருக்கும் உச்ச வரம்பு உண்டு. இனங்கள் தனித்தனியே குடியிருப்பதைத் தடுப்பது அதன் நோக்கம், நோக்கம் நன்றே. ஆனால் சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் தம் வீட்டை விற்க முயலும் தமிழருக்கு, வாங்கக்கூடியோர் எண்ணிக்கை சுருங்கிவிடுகிறது. அவர்தம் அவசரம் முகவருக்குத் தெரியும். அவ்வேளையில் அதனைப் பயன்படுத்தி விலையைக் குறைக்கச் செய்வதும், பொறுமையோடு இன்னும் இரண்டு மாதம் தேடிக் கொடுப்பதும் ஆகிய இரண்டும் சட்டத்திற்கு உட்பட்டவையே. எந்த ஒழுங்குக் குழுவாலும் இவ்விரண்டுக்கும் இடையில் கோடு கிழிக்க முடியாது.

2018 சனவரி முதல் மறுவிற்பனைக்குரிய இணையவாயிலைக் கழகம் திறந்துவிட்டது; முகவரின்றியே வீட்டை வாங்கவும் விற்கவும் வழியுண்டு. அப்படியிருந்தும் மக்கள் முகவரை நாடுகிறார்கள். படிவத்தை நிரப்ப எந்திரம் போதும்; 'இந்த வீடு வேண்டாம் அக்கா, மேல்மாடிக் கசிவு அடுத்த ஆண்டு உங்களைத் தேடி வரும்' என்று சொல்ல மனிதர் வேண்டும். அப்படிச் சொல்பவர் அன்றைய தரகை இழக்கிறார். அத்தகையோர் இருக்கிறார்கள். அவர்தம் பெயர் எந்தத் தண்டனைப் பட்டியலிலும் வராது. பாராட்டுப் பட்டியலிலும் பெரும்பாலும் வராது.

ஒரு தமிழ் முகவரை எண்ணிப் பார்க்கலாம். வீட்டுக்காரர் தொலைபேசியில் அழைத்து, 'நல்ல வாடகைக்காரராகப் பாருங்கள். இந்தியர் மட்டும் வேண்டா' என்கிறார். தாம் பேசுவது ஓர் இந்தியரிடம் என்பது அவருக்குத் தெரியாததன்று. முகவரின் பெயர் விளம்பரத்திலேயே இருக்கிறது. 'உங்களைச் சொல்லவில்லை' என்றும் சேர்த்துக்கொள்கிறார். மாதக் கடைசி. ஒரு மாத வாடகை அளவுக்குத் தரகு. மறுத்தால் அடுத்த முகவர் ஒரு மணி நேரத்தில் ஏற்றுக்கொள்வார். ஏற்றுக்கொண்டு, இந்தியர் அழைக்கும்போது 'வீடு போய்விட்டது' என்று தமிழிலேயே சொன்னால், யாரும் முறையிடப் போவதில்லை. எந்தக் குழுவும் கேட்கப் போவதில்லை. தொலைபேசி அவர் கையில் இன்னும் இருக்கிறது; மறுமுனையில் வீட்டுக்காரர் விடைக்காகக் காத்திருக்கிறார்.